பால் பைத்தான் (ball python) வாங்குவோருக்கு எச்சரிக்கை: 'ஹெட்' என்று சொல்லி விற்கும் சாதாரணப் பாம்பு

"100 சதவீதம் ஹெட் ஆல்பினோ, பண்ணையில் பொரித்த குட்டி, நல்லா சாப்பிடுது." இந்த மூன்றையும் வாய்வார்த்தையாகவே சொல்லி, பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவர் கைக்கு வருவதோ செள்ளு (ரத்தம் உறிஞ்சும் நுண்ணிய பூச்சி) ஏறிய, இரையைத் தொடாத, சாதாரணப் பாம்பு. கேட்டால் "வீடு மாறினா அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.

ஆல்பினோ (உடலில் கருநிறமி இல்லாத நிறம்) ஒடுங்குபண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். அந்த மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் பாம்பின் நிறம் மாறாது; அப்படிப்பட்ட பாம்புதான் 'ஹெட்'. ஆகவே ஹெட் பாம்பை எந்த நிபுணராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெற்றோரில் ஒன்று ஆல்பினோவாக இருந்தால்தான் சாதாரண நிறக் குட்டிகள் அத்தனையும் 100 சதவீத ஹெட். இரண்டும் ஹெட் என்றால் சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றில் இரண்டு. அதைத்தான் 66 சதவீதம் என்கிறார்கள். பெற்றோரின் படமும் பொரித்த தேதியும் தராதவரிடம் சாதாரணப் பாம்பின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

'பண்ணைக் குட்டி' என்பதிலும் சூது உண்டு. கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டிலிருந்து சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து, பொரித்த குட்டிகளை ஏற்றுமதி செய்கிறார்கள். காட்டிலேயே வளர்ந்து பிடிபட்ட பாம்பும் இதே பெயரில் வரும். செதில்களுக்கு அடியிலும் கண், மூக்கு ஓரத்திலும் உண்ணி, உடம்பில் பழைய தழும்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னும் மோசம், நம்மூர் மலைப்பாம்புக் குட்டியையே பால் பைத்தான் என்று தள்ளிவிடுவது. மலைப்பாம்பின் தலையில் ஈட்டிமுனை போன்ற அடையாளம் இருக்கும், உடல் நீண்டு ஒல்லியாக இருக்கும். அதை வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாங்கும் இடத்தில் ஈரமான வெள்ளை டிஷ்யூவால் உடல் முழுக்கத் துடையுங்கள். ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டி நகர்ந்தால் அதுதான் செள்ளு. தாடை மடிப்பையும் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியையும் பாருங்கள். வாயோரம் குமிழி, மூச்சில் சீறல், தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். ஸ்பைடர் என்ற நிற வகை என்றால் தலை நடுங்கும். அது பிறவிக் கோளாறு, சரியாகாது. சாப்பிடுவதற்குச் சான்றாகத் தேதி தெரியும் வீடியோ கேளுங்கள். வாங்கும் நாளிலேயே ஊட்டிக் காட்டச் சொல்லாதீர்கள், பயணத்தில் கக்கிவிடும்.

வீட்டில் மற்றப் பாம்புகளிடமிருந்து 90 நாள் தனி அறை. தரைக்கு வெள்ளைப் பேப்பர் டவல்தான், செள்ளும் எச்சமும் உடனே தெரியும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரண்டிலும் உடல் ஒட்டி அடங்கும் அளவில் மறைவிடம், ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வயிற்றைச் சுட்டுவிடும். சென்னை மே மாதத்தில் மேட்டே வேண்டாம், குளிர்விப்பதுதான் கவலை. ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு குட்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் உள்ள உறைந்த எலியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உறைநீக்கி, வெந்நீரில் சூடாக்கிக் கொடுங்கள். உயிரெலி பாம்பையே கடித்துக் குதறும். வளர்ந்தவை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டு, 10 சதவீதம் குறைந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரைச் செள்ளுக்குத் தூவ வேண்டாம்.

காகிதம் தனிக் கதை. பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஒன்றிய அரசின் 2024 விதிகளின்படி அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். அயல்நாட்டு விலங்கு வைத்திருந்தவர்கள் 2020இல் அரசிடம் தாமாகவே தெரிவித்த தன்னார்வ அறிவிப்பின் நகலை நீட்டினால், அதில் இருப்பது விற்பவரின் பெயரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அப்படி வாங்கிவிட்டு, பயத்தில் ஏரியிலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.