டீகோவை மீறினால் பூட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர், பூட்டாத கம்ப்யூட்டர்: எது யாருக்கு?

ஸ்கூபா டைவ் முடிந்து ஏறும் வழியில், 3 மீட்டரில் டீகோ நிறுத்தம் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நிற்க வேண்டிய இடம்). மேலே அலை பெரிதாக இருக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் உடம்பு ஒரு மீட்டர் ஏறி இறங்குகிறது. கையில் சூன்டோ வைப்பர் என்ற டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து டீகோ கணக்கிடும் கருவி) இருந்தால் கீழ்நோக்கிய அம்புக்குறி தோன்றி பீப் அடிக்கும். மூன்று நிமிடத்துக்குள் சீலிங்குக்கு (அப்போதைக்கு அதற்கு மேலே ஏறக் கூடாத ஆழம்) கீழே இறங்கிவிட்டால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் பிழைக் குறி விழுந்து, 48 மணி நேரத்துக்கு டீகோ கணக்கு நின்றுபோகும். ஆழமும் நேரமும் மட்டும் தெரியும்; பூட்டு, கேஜ் மோடு என்பதெல்லாம் இதுதான். அந்த நிலையிலேயே மறுபடி தண்ணீரில் இறங்கினால், மேலே வந்ததும் 48 மணி நேரம் முதலிலிருந்து ஓடும். அலையுள்ள நாளில் 3 மீட்டரைப் பிடித்துத் தொங்காமல் 4 மீட்டரில் நிற்பதுதான் இதற்கு மருந்து.

ஸ்கூபாப்ரோ கலிலியோ இந்த மீறலை மேற்பரப்பில் பார்க்கிறது. டீகோ பாக்கியோடு 0.8 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கடந்தால் எஸ்ஓஎஸ் நிலை. 24 மணி நேரத்துக்கு கேஜ் மோடுதான். மாரெஸ் பக் வகையிலும் 24 மணி நேரம். ஓஷியானிக் ஐந்து நிமிடம் வரை பொறுக்கும், பிறகு அதுவும் 24 மணி நேர கேஜ்.

கார்மின் டிசென்ட் நடுவழி. சீலிங்கை 0.6 மீட்டருக்கு மேல், மூன்று நிமிடத்துக்கு மேல் மீறினால் 24 மணி நேரப் பூட்டு. கேஜும் அப்னியாவும் (மூச்சடக்கி டைவ் செய்யும் மோடு) மட்டும் வேலை செய்யும். ஆனால் இந்தப் பூட்டை செட்டிங்கில் நாமே அணைத்து வைக்கலாம். மாடலுக்கும் ஃபர்ம்வேருக்கும் ஏற்ப இதெல்லாம் மாறலாம், உங்கள் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஷியர்வாட்டர் பூட்டவே பூட்டாது. நிறுத்தத்தைத் தவறவிட்டால் எச்சரிக்கும், கணக்கைத் தொடரும். டீகோவைத் திட்டமிட்டே செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். 50 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவைக்கு மாறிவிட்டு, கம்ப்யூட்டரில் கேஸை மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நீங்கள் இன்னும் ஏர்தான் சுவாசிக்கிறீர்கள் என்று அது நினைத்து நிறுத்தத்தை நீட்டும். எழுதிவைத்த திட்டப்படி சரியாக முடித்து மேலே வந்தாலும், பூட்டும் கம்ப்யூட்டருக்கு அது மீறல்தான். கம்ப்யூட்டர் இரண்டு கட்டி, அவற்றின் அல்காரிதம் வேறுவேறாக இருந்தாலும் இதே தொல்லை: தளர்வானதைப் பார்த்து ஏறினால் கறாரானது பூட்டிக்கொள்ளும். இரண்டும் சரி என்று சொல்லும் வரை கீழேயே நில்லுங்கள். அல்லது இரண்டிலும் ஒரே அல்காரிதம், ஒரே செட்டிங் வையுங்கள்.

பூட்டாததில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஷியர்வாட்டரில் ஓடும் பூல்மன் என்ற கணக்கு முறை, திசுக்களில் கரைந்திருக்கும் வாயுவைக் கணக்கிடுகிறது. டீகோவை விட்டுவிட்டு வந்த உடம்பில் குமிழ்கள் உருவாகியிருந்தால் வாயு வெளியேறும் வேகம் குறையும்; கணக்குக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரை காட்டும் நோ-டீகோ நேரம் (டீகோ நிறுத்தம் தேவைப்படாமல் கீழே இருக்கக்கூடிய நேரம்) பார்க்க இயல்பாகவே இருக்கும். அதை நம்பி அடுத்த டைவுக்குப் போகக் கூடாது.

ஆகவே, டீகோவே இல்லாமல் விடுமுறைக்கு மட்டும் டைவ் செய்பவர் பூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சூன்டோவோ மாரெஸோ போதும். டீகோ பயிற்சிக்குப் போகிறவர் ஷியர்வாட்டர் வாங்கட்டும், அல்லது கார்மினில் பூட்டை அணைக்கட்டும். டைவ் நடுவில் தேவைப்படுவது எண்கள். அவற்றை மறைக்கும் கருவி அங்கே உதவாது.

பூட்டியதும் பலர் செய்வது, நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி மறுநாள் காலையே இறங்குவது. இதைவிட மோசமான வழி இல்லை. அந்தக் கருவிக்கு உங்கள் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் எதுவும் தெரியாது. ரீசெட் வசதியுள்ள மாடலில் அதைத் தொடுவதும் இதேதான்.

மேலே வந்தபின் அறிகுறி இல்லாவிட்டாலும் 100 சதவீத ஆக்சிஜன் எடுங்கள், தண்ணீர் குடியுங்கள், குறைந்தது 24 மணி நேரம் டைவ் வேண்டாம். விமானப் பயணத்தையும் தள்ளிப்போடுங்கள். டீகோ டைவுக்குப் பின் 18 மணி நேரத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இடைவெளி வேண்டும். மூட்டு வலி, மரமரப்பு, அளவுமீறிய சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். அதிகபட்ச ஆழம், மொத்த நேரம், எத்தனை நிமிட நிறுத்தம் விடுபட்டது என்பதை முதலிலேயே ஒரு தாளில் குறித்துவையுங்கள். மருத்துவர் கேட்கும்போது சட்டென்று சொல்ல முடியும்.