ராகி குக்கீக்கு கோகோவா, கரோப்பா?

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் அச்சு முறுக்கு, குலுகுலு, அதிரசம்தான். ஓவன் வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நாத்தனார் வீகனாக மாறி, பால், முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டதும் என் குக்கீ செய்முறையும் தலைகீழானது. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், முட்டைக்குப் பதில் தண்ணீரில் ஊறிய ஆளிவிதைப் பொடி. இதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. இழுபறியாக இருந்தது, பழையபடி கோகோவே போடுவதா, அவள் பையில் வந்த கரோப் பொடியைப் போடுவதா என்பதுதான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டையும் சுட்டுப் பார்த்து நான் கரோப் பக்கம் சாய்ந்துவிட்டேன். சாய்ந்த பிறகு எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கரோப் மத்தியதரைக்கடல் ஓரத்து மரம். அதன் காய் பார்க்கப் புளியங்காய் மாதிரியே இருக்கும். இரண்டும் அவரைக் குடும்பம்தான். கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் காயவைத்து வறுத்து அரைத்தால் இந்தப் பொடி. கொட்டையும் வீணாவதில்லை. அதிலிருந்து எடுக்கும் பசைதான் ஐஸ்கிரீம் டப்பாவின் சேர்மானப் பட்டியலில் 410 என்ற எண்ணில் ஒளிந்திருக்கிறது. நகைக்கடையில் சொல்லும் காரட் என்ற பெயரும் இந்தக் கொட்டை வழியாக வந்ததுதான். அத்தையிடம் போனில் படத்தைக் காட்டினேன். "புளியங்காயைப் போய் எதுக்கும்மா பிஸ்கட்ல போடறே?" என்றார். கிருஷ்ணகிரியில் புளி தட்டி வளர்ந்தவர் வேறு என்ன கேட்பார்?

விலை, கிடைப்பது இரண்டிலும் கோகோவுக்கே வெற்றி. இங்கே எந்த மளிகைக் கடையிலும் கோகோ டப்பா இருக்கும். கரோப் வேண்டுமென்றால் ஆன்லைனில் போட வேண்டும், இல்லையென்றால் பெங்களூரிலிருந்து யாராவது வர வேண்டும். விலையும் கூடுதல். சாதாரண கோகோ பொடியும் வீகன்தான், அதில் சண்டை இல்லை. சாக்லேட் சிப்ஸ் வாங்கும்போது மட்டும் பால் பொடி கலந்திருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். கரோப் சிப்ஸிலும் பல சமயம் பால் பொடி இருக்கும்.

கரோப்பில் காஃபீன் இல்லை என்பதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள். இல்லைதான். ஆனால் ஒரு குக்கீக்குள் போகிற கோகோ ஒன்றிரண்டு கிராம். காலையில் டபரா நிறையக் காபி குடிக்கிற வீட்டில் இதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை மாற்றியது வெல்லம்.

நான் மைதா போடுவதில்லை. இந்த ஊரில் ராகி இருக்க மைதா எதற்கு? 150 கிராம் ராகி மாவு, உதிராமல் பிடித்துக்கொள்ள 100 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் தேங்காய் எண்ணெய், 30 கிராம் கோகோ. ராகிக்கே லேசான துவர்ப்பு உண்டு, அதன் மேல் கோகோவின் கசப்பும் ஏறினால் 140 கிராம் வெல்லம் போட்டால்தான் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். சரி, போட்டால் போகிறது என்று நினைத்தேன். வெல்லம் ஓவனுக்குள் இளகும். எண்ணெயும் இளகும். ராகியில் பசைத்தன்மை இல்லாததால் மாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஐந்து முனை வைத்து அழகாக வெட்டி அடுக்கிய நட்சத்திரங்கள் பன்னிரண்டு நிமிஷத்தில் பரவி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையாக வந்தன. கத்தியால் வெட்டித்தான் எடுத்தேன். இரண்டு நாளில் டப்பாவுக்குள் நமுத்தும் போயின, வெல்லம் ஈரத்தை இழுக்குமே.

கரோப் பொடியில் ஏறக்குறைய பாதி இயற்கையான சர்க்கரை. 30 கிராம் போட்டால் 13, 14 கிராம் இனிப்பு அதிலேயே வந்துவிடும். மறைக்கக் கசப்பும் இல்லை. வெல்லத்தை 90 கிராமுக்கு இறக்கியும் இனிப்பு போதுமானதாக இருந்தது. பொடியின் இனிப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் மொத்தத்தில் முப்பத்தைந்து கிராம் குறைவு. நட்சத்திரம் நட்சத்திரமாகவே வெளியே வந்தது. முனையைப் பிடித்து ஒடித்தால் 'டக்' என்று சத்தம். கோகோவில் இருக்கும் கொழுப்பு கரோப்பில் இல்லாததால் மாவு கொஞ்சம் வறண்டு விரிசல் விடும், இரண்டு ஸ்பூன் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்தால் சரியாகிவிடும்.

எந்தப் பொடி போட்டாலும் விடியற்காலையில் பிசையுங்கள். டிசம்பர் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து வெண்ணெய் மாதிரி இருக்கும், ஸ்பூனால் வழித்து எடுத்து மாவில் தேய்க்கலாம். பத்து, பதினோரு மணிக்கு வெயில் ஏறினால் இளகிவிடும். அப்புறம் பிரிட்ஜில் வைத்து எடுத்துத்தான் வெட்ட வேண்டும்.

கரோப்பில் ஒரு ஆபத்தும் உண்டு. முதல் தட்டைக் கோகோவுக்கு வைக்கிற 180 டிகிரியிலேயே வைத்தேன். சர்க்கரை அதிகமுள்ள பொடி சீக்கிரம் கருகும் என்று அப்போது தோன்றவில்லை. மாவே கறுப்பு, அதனால் கண்ணுக்கும் தெரியவில்லை. வாசனை காட்டிக்கொடுத்தபோது அடிப்பக்கம் முழுக்கத் தீய்ந்திருந்தது. இப்போது 160 டிகிரி, பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒன்றைத் திருப்பிப் பார்ப்பேன். இன்னொன்று: சாதாரண கோகோவின் புளிப்பில் சமையல் சோடா வேலை செய்துவிடும். கரோப் அதற்குப் போதாது, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்க்கிறேன்.

ருசி? கரோப் சாக்லேட் இல்லை. சாக்லேட் என்று சொல்லிக் கொடுத்தால் சண்டைதான் வரும். காய்ந்த பேரீச்சையையும் வறுத்த ராகி மாவையும் சேர்த்து மென்ற மாதிரி ஒரு ருசி. பொட்டலத்தைப் பிரித்ததும் வரும் வாடை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சுட்டபின் அது போய்விடுகிறது. கோகோவோடு ஆரஞ்சுத் தோல் சேரும். கரோப்போடு அது சேரவில்லை, சுக்கும் பட்டையும்தான் பொருந்தின. ராகி இல்லாமல் வெறும் மைதாவில் செய்கிறவர்கள் என் பேச்சைக் கேட்டுக் கோகோவை விட்டுவிட வேண்டாம். அதில் நான் கரோப் போட்டுப் பார்த்ததே இல்லை, கோகோவே ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை. கோடையில் கரோப் குக்கீ எப்படி நிற்கும் என்பதும் நான் பார்க்காத விஷயம். பொடி மட்டும் ஜூலையில் டப்பாவுக்குள் கட்டி தட்டிப்போனது, சலித்துத்தான் எடுத்தேன்.

போன வருஷம் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் இரண்டு தட்டையும் மேஜையில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் கோகோவைக் காலி செய்தார்கள். நாத்தனார், "அண்ணி, நட்சத்திரத்தை மட்டும் எனக்குக் கட்டிக் குடுங்க" என்றாள். அத்தை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் டப்பாவில் எண்ணிப் பார்த்தால் ஆறு நட்சத்திரம் குறைந்திருந்தது.

இந்த வருஷத்துக்கு அரைக் கிலோ கரோப் வாங்கி வரச் சொல்லியாயிற்று. பையன்களுக்காகக் கோகோவில் ஒரு சின்னத் தட்டு உண்டு. அதை வட்டமாகவே வெட்டப்போகிறேன்.