பெரம்பூர்க் கடையில் வாங்கிய கிடார்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

யமஹா எஃப்280 வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரமாவது எடுத்து வாசிக்கிறேன். இந்தக் கிடார் எப்படி என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், கிடாரைவிட அதை வாங்கிய கடையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். முப்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தும் நடுவில் விடாமல் இருப்பதற்குக் காரணம் கிடாரின் விலையோ பிராண்டோ அல்ல. என் கைக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்து கொடுத்த மனிதர்தான்.

கடை பெரம்பூரில் இருக்கிறது. ரயில்வே வேலையாகக் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி என்பதால் கிடார், வயலின், பியானோ எல்லாம் இங்கே புதுசு கிடையாது. சர்ச் பாடகர் குழுவிலோ கல்யாண பேண்டிலோ வாசித்தவர் ஒருவராவது தெருவுக்குத் தெரு இருப்பார். கடை ரொம்பக் குறுகல். சுவரில் கிடார்கள், கீழே ஹார்மோனியமும் தபலாவும், உள்ளே மேஜை விளக்கு போட்ட ஒரு வேலை மேஜை. கடைக்காரர் எழுபதை நெருங்குபவர். ஏரியாவே அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறது.

அவர் முதலில் கேட்டது பட்ஜெட்டை அல்ல. "என்ன மாதிரி பாட்டும்மா கேப்பீங்க? பாடிக்கிட்டே வாசிக்கணுமா, இல்ல வாசிக்க மட்டுமா?" பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்றதும் ஸ்டீல் கம்பி போட்ட கிடார்களின் பக்கம் கூட்டிப்போனார். விரல் வலிக்காது என்று நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரை வாங்கிவிட்டு, சத்தம் போதவில்லை என்று அதிலேயே ஸ்டீல் கம்பி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. வழக்கமான ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவைக்கு உள்ளே சட்டம் வைக்காத கிடார் என்பதால், கம்பிகளை மேல்பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். அப்படிப் பெயர்ந்த ஒன்று அவர் மேஜையிலேயே கிடந்தது.

எஃப்280இன் மேல்பலகை ஒட்டுப்பலகை. ஸ்ப்ரூஸ் மரத்தை மெல்லிய அடுக்குகளாக ஒட்டிச் செய்தது. ஒரே பலகையால் ஆன சாலிட் டாப் கிடாரின் ஆழமான நாதம் இதில் வராது, அது உண்மை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்புவதும், கம்பிகள் உயர்ந்துபோவதும் சாலிட் டாப்பில்தான் அதிகம். ஒட்டுப்பலகை அவ்வளவு சீக்கிரம் அசையாது. முதல் கிடாரைச் சென்னையில் வாங்குகிறவர்களுக்கு நான் ஒட்டுப்பலகையைத்தான் சொல்வேன். இந்த மூன்று மழைக்காலங்களிலும் என் கிடாரின் கம்பி உயரத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை.

அடுத்து செட்டப், அதாவது கம்பி உயரத்தையும் கழுத்தையும் வாசிக்க வசதியாகச் சரிசெய்வது. இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான்.

தொழிற்சாலையில் இருந்து வரும் கிடார் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் கம்பிகளைக் கொஞ்சம் உயரமாகவே வைத்து அனுப்புவார்கள். தாழ்வாக வைத்தால், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடான ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்' என்று சத்தம் வரலாம். உயரத்தைக் கடையில் குறைத்துக்கொள்ள முடியும், மிகவும் தாழ்ந்துவிட்டால் திரும்ப உயர்த்துவது கஷ்டம். அங்கிள் என் கண் முன்னாலேயே குறைத்தார். முதலில் முதல் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, 14ஆவது ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, நடுவே 7ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். கழுத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்று இதில் தெரிந்துவிடும். ஆலன் கீயை விட்டு, கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடியும் பார்த்தார்.

அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை 12ஆவது ஃப்ரெட்டில் நிறுத்தினார். தடித்த கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் நின்றது. "இதை ரெண்டரைக்குக் கொண்டு வந்துடலாம்" என்று கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜில் இருந்து, கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையான சாடிலை உருவினார். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, சாடிலின் அடிப்பக்கத்தை அதில் வைத்து நேராக இழுத்து இழுத்துத் தேய்த்தார். 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய வேண்டும். தேய்ப்பதற்கு முன் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். கோடு வரை தேய்ந்ததும் சாடிலை வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்பப் பொருத்தினார்.

கடைசியாக நட், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் பட்டை. 2ஆவது, 3ஆவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். என் கிடாரில் நிறையவே இருந்தது. சின்ன அரத்தை வைத்து ஒவ்வொரு பள்ளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கினார். இந்த நட் வேலைதான் எனக்கு மிகப்பெரிய உதவி. புதிதாகக் கற்பவர்கள் அதிகம் திண்டாடும், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டிய எஃப் பாரே கார்டு முதல் ஃப்ரெட்டில், நட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நட் உயரமாக இருந்தால் அந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினாலும் பத்தாது. எஃப் வரவில்லை என்று கிடாரையே மூலையில் வைத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அவர்களில் ஒருத்தி ஆன்லைனில் என்னுடையதைவிட விலை கூடிய கிடாரை வாங்கியிருந்தாள். அதை அங்கிளிடம் கொண்டுபோய் நட்டையும் சாடிலையும் சரிசெய்த பிறகு, அதே விரல்களால் அந்த வாரமே எஃப் வாசித்தாள். கூலியாக அவர் வாங்கியது சில நூறு ரூபாய்தான்.

கம்பிகளைப் பொறுத்தவரை, 12இல் தொடங்கும் செட்டைவிட 11இல் தொடங்கும் செட் எனக்கு ஒத்துவருகிறது (மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). இப்போது போட்டிருப்பது டி'அடாரியோவின் 11–52 பாஸ்பர் பிரான்ஸ் செட். கடல் காற்றுள்ள ஊரில் எந்தக் கம்பியாக இருந்தாலும் முதலில் துருப்பிடிப்பது மெல்லிய இரண்டு கம்பிகள்தான், ஏனென்றால் அவற்றின் மேல் வெண்கலச் சுற்று கிடையாது. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பிகளின் மேலும் கீழும் துடைக்கிறேன். வேர்வையோடு அப்படியே விட்டால் மே மாதத்தில் ஒரு செட் சில வாரங்கள்கூடத் தாங்காது. பூச்சு போட்ட எலிக்ஸிர் கம்பிகளையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே பல மடங்கு நாள் உழைத்தன, விலையும் அதற்கேற்ப. தினமும் வாசிப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும்.

வகுப்பு கடைக்கு மேலே மாடியில் நடக்கிறது. மாஸ்டர் லண்டன் டிரினிட்டி காலேஜின் இசை கிரேடு தேர்வுகளுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். எனக்குத் தேர்வு வேண்டாம், பாட்டு போதும் என்றேன். அதற்கேற்ப ஜி, சி, டி, இ மைனர் நான்கோடு ஆரம்பித்து, கார்டு மாற்றும்போது வலது கை நிற்கவே கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். இடது கை தடுமாறினாலும் தாளம் ஓட வேண்டும். இந்தப் பழக்கம் வந்த பிறகுதான் நான் வாசிப்பது பாட்டாகக் கேட்க ஆரம்பித்தது.

மற்றவற்றில் கிளிப் ட்யூனர் அவசியம், விலை குறைந்ததே போதும். கம்பியை மீட்டும் பிக் 0.73 மில்லிமீட்டர், ஸ்ட்ரம்மிங்குக்கு வளைந்து கொடுக்கிறது. கேப்போ நல்லதாக வாங்குங்கள். சினிமாப் பாட்டு பெரும்பாலும் நம் சுருதியில் இருப்பதில்லை. என் குரலுக்கு ஏற்ற ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டினால் தெரிந்த கார்டுகளை வைத்தே பாடிவிட முடிகிறது. பேக் பஞ்சு வைத்ததாக இருக்கட்டும். சத்தத்தைக் கூட்டும் பிக்கப், ஆம்ப் எதுவும் முதல் இரண்டு வருடம் தேவைப்படாது.

குறைகளும் உண்டு. ஆன்லைன் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் செட்டப் கூலி அதிலேயே அடங்கிவிடுகிறது. இடது கைக்காரர்களுக்கான கிடார் கைவசம் இருக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். பல மாடல்களை வரிசையாக வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரிப் பெரிய கடைக்குப் போவது நல்லது. நானும் போய் வாசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே யமஹா எஃப்ஜி800இன் சாலிட் டாப்பில் ஒரு ஜி கார்டை அடித்துவிட்டு, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன். அடுத்தது அதுதான் என்று முடிவாகிவிட்டது.

போன வாரம் அங்கிளிடம் சொன்னேன். வரவழைத்துத் தருகிறேன் என்றார், ஆனால் இப்போது வேண்டாமாம். "மழையில செட்டப் பண்ணா பிப்ரவரில பலகை காஞ்சு கம்பி இறங்கிடும், மறுபடியும் பண்ணணும். பொங்கல் முடியட்டும்மா." அதுவரை எஃப்280க்கு ஒரு புது செட் கம்பி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.