யெட்டியும் கப்பாவும் இருக்கின்றன, கொள்ளிவாய்ப் பேய் எங்கே?

கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் மருமகனுக்காக வாங்கினேன், பல நாடுகளின் மர்மப் பிராணிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிடுகிற படப் புத்தகம். படங்கள் அருமை. அதைவிட எனக்குப் பிடித்தது, பயமுறுத்துவதோடு நிற்காமல் உண்மையையும் சொல்வது: 1934இல் வெளிவந்த, ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரிப் பிராணியின் படம் விளையாட்டு நீர்மூழ்கியில் தலையும் கழுத்தும் ஒட்டி எடுத்தது, இமயமலைப் பனிமனிதன் யெட்டியினுடையவை என்று பாதுகாத்த எலும்பு, தோல், மயிர் எல்லாம் மரபணுப் பரிசோதனைக்குப் போக, 2017இல் வந்த முடிவில் ஒன்பதில் எட்டு கரடி, ஒன்று நாய்.

ஜப்பானின் நீர்ப்பேயான கப்பா வரும் பக்கத்தில்தான் வீட்டில் எல்லாரும் நின்றுவிட்டோம். உச்சந்தலைக் குழியில் தண்ணீர் இருக்கும், அதுதான் அதன் பலம், நாம் குனிந்து வணங்கினால் அதுவும் பதிலுக்கு வணங்கித் தண்ணீரைச் சிந்திவிடும். பிள்ளைகள் ஆழமான நீரில் இறங்காமலிருக்கச் சொன்ன கதை. குளக்கட்டுப் பக்கம் போகாதே, முனி நிற்கும் என்று அம்மம்மா எங்களை மறித்ததும் அதற்குத்தானே!

எனக்குப் பெரிய குறை, இலங்கையே இல்லை. இரவில் காட்டில் அலறும் பேய்ப் பறவை உலமா இல்லை. சதுப்பில் எரிகிற கொள்ளிவாய்ப் பேயும் இல்லை, ஐரோப்பாவிலும் அதே மாதிரி வெளிச்சம் வழிப்போக்கரைச் சேற்றுக்கு இழுக்கும் என்பார்கள், ஒப்பிட இதைவிட நல்ல சோடி எங்கே கிடைக்கும்? அப்புறம், இரண்டே நாளில் தையல் விட்டுவிட்டது, கடையில் மாற்றித் தரவும் இல்லை.

ஆனாலும் வாங்குங்கள். வாங்கும்போது நடுப்பக்கத்தை விரித்துத் தையலைப் பாருங்கள்.