பால்மரத்தடியில் பனிமனிதனுக்கு வண்ணம்

இந்த முறை ஊர்ப் பயணத்தில் மற்ற எதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. குடிநுழைவு வரிசை, வங்கி வேலை, பல் வைத்தியம் எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தன. எழுத வேண்டியது மலேசியாவில் எங்கள் ஊர்ப் பூங்காவில் மெர்டேக்கா என்ற சுதந்திர தின விடுமுறையின்போது பிள்ளைகளுக்காக நடந்த கலை, இயற்கை நடவடிக்கைகளைப் பற்றித்தான். லண்டனுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் ஆறவில்லை.

பேராக்கில் எங்கள் ஊர் மாதிரி ஊர்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய தெரு, இரண்டு பக்கமும் கடைவரிசை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அத்தனையும் பால்மரம், அதாவது ரப்பர் மரம். பூங்கா இருக்கும் இடமும் பழைய தோட்டத்தின் கடைசி நிரைகள்தான். குளம் வெட்டி, நடைபாதை போட்டு, சறுக்குமரம் வைத்தவர்கள், பின்பக்க வேலியோரம் கொஞ்சம் கிழட்டுப் பால்மரங்களை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். அந்த மரங்களைப் பார்க்கவே நான் ஒவ்வொரு முறையும் அங்கே போவேன்.

பதிவுக்கான படிவம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 12 இலக்க அடையாள அட்டை எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். என் மகளிடம் இருப்பதோ பிரிட்டிஷ் கடப்பிதழ். போன் போட்டுக் கேட்டதற்கு, "நேரா வாங்க, பேர எழுதிக்கலாம்" என்றார்கள். போனோம், எழுதிக்கொண்டார்கள். ஒரு காசு கட்டணம் இல்லை. லண்டனில் பிள்ளையை இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனால் நுழைவுச்சீட்டுக்கே ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஈடே இல்லை.

ஆனால் கூடாரத்துக்குள் போனதும் மனசு சுருங்கிவிட்டது. 'இயற்கையும் கலையும்' என்று பதாகை கட்டியிருந்த மேசையில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாளில் நான்கு பருவங்கள் அச்சாகியிருந்தன. கழுத்துத்துணி கட்டிய பனிமனிதன், மேப்பிள் இலை, ஓக் கொட்டையைக் கடிக்கும் அணில், சூரியகாந்தி. இலைகளுக்கு ஆரஞ்சு நிறம் அடிக்கச் சொன்னார்கள். ஒட்டுவதற்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையில் பாக்கெட்டாக விற்கும் பஞ்சு இலைகள். பிள்ளைகள் பாவம், சொன்னபடி செய்துகொண்டிருந்தார்கள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற மைலோ பான வண்டியை ஒரு கண்ணால் பார்த்தபடி பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டினார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டப்! கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டு, செப்டம்பரில் பால்மரக் காய் முற்றிக் காய்ந்து வெயிலில் வெடிக்கும். மூன்று அறை, மூன்று கொட்டை. வெடிக்கிற வேகத்தில் பல மீட்டர் தள்ளிப் போய் விழும். நாம் அதைப் பொறுக்கிச் சட்டைப் பை கிழியக் கிழிய நிரப்பிக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள். சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து முன் பெஞ்சில் இருப்பவன் தொடையில் சூடு வைத்தவர்கள். இலையுதிர்வும் நமக்குப் புதிதா என்ன? ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச்சு வரைக்கும் பால்மரம் சிவந்து, பழுத்து, மொட்டையாக நிற்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். மேப்பிள் இலையை அச்சடிக்க அவசியமே இல்லை.

சில பிள்ளைகள் தாளைப் போட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் ஓடினார்கள், என் மகளும்தான். டீசட்டை போட்ட ஏற்பாட்டுக்குழுப் பையன் ஒருவன், "அங்க போகாதீங்க, அழுக்கு, கொசு" என்று கத்திக்கொண்டே பின்னால் போனான். இயற்கை நடவடிக்கை நடக்கும் பூங்காவில் மரத்தடிக்குப் போகக்கூடாது!

அங்கே ஓர் அம்மா ஈர்க்குமாற்றால் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பூங்காவைத் துப்புரவு செய்யும் குத்தகைக்காரரிடம் வேலை. அறுபதைத் தாண்டியவர், தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். பிள்ளைகள் கொட்டையைப் பொறுக்குவதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. பூட்டு போட்டது போலிருந்த வாய் திறந்துகொண்டது. ஒரு கொட்டையை எடுத்து நடைபாதைச் சிமெண்டில் தேய்த்து, "கைய நீட்டு பாப்பா" என்று என் மகளின் புறங்கையில் மெதுவாக வைத்தார். அவள் அலறிச் சிரித்தாள். அடுத்த நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் கேட்டேன், "அக்கா, நீங்க பால் வெட்டினவங்களா?"

"பதினாலு வயசுல அம்மா கூட நிரைக்குப் போனேன்மா. தோட்டத்த வித்துச் செம்பனை போடுற வரைக்கும் வெட்டுனேன்" என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே மரத்தருகில் போய் நின்று விரலால் காட்டினார். மரத்தில் பழைய வெட்டுப்பட்டை இன்னும் தெரிந்தது. பால் பிடிக்கும் மங்கு தொங்கவிட்ட கம்பி பட்டைக்குள்ளேயே போய், முனை மட்டும் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "கோடு இடப்பக்கம் ஒசரம், வலப்பக்கம் எறக்கம். உளிய இழுக்கும்போது பட்டை இம்புட்டுதான் சீவணும்" என்று கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினார். "ஆழமா போனா மரத்துக்குக் காயம். கங்காணி ஏசுவாரு. அதவிட அந்தக் காயம் ஆறாது, அதுக்கு மேல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், மறுபடியும் வெட்ட முடியாது." ஒரு சீனப் பையன் மலாயில் ஏன் இருட்டோடு வெட்டப் போவீர்கள் என்று கேட்க, அவரும் மலாயிலேயே சொன்னார்: குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும்.

அந்தச் சாய்வுக்கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராகப் போவதில்லை, லேசாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. அக்கா காட்டியபடி இடமிருந்து வலமாக இறக்கிச் சாய்த்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை 1890களில் சீராக்கியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது லண்டனில் நான் இப்போது குடியிருக்கும் க்யூ பகுதியில். 1956ல், 100 வயதில், அங்கேயே காலமானார். ரிட்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டை விடியவிடியத் தினமும் போட்ட கை இங்கே சருகு கூட்டுகிறது.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து, "வேலைய பாக்காம என்ன கதை?" என்றார். பிள்ளைகள் முன்னால் சொன்னார். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டார். மேற்பார்வையாளரை நான் விடவில்லை. இந்தப் பூங்காவில் இன்றைக்கு நடந்த ஒரே இயற்கைப் பாடம் இதுதான் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

க்யூ தாவரவியல் பூங்காவில் கோடைக்காலத்தில் நான் பார்ப்பதே வேறு. அங்கே 1840களில் கட்டிய கண்ணாடி மாளிகைக்குள் நம் பால்மரமும் செம்பனையும் சூடேற்றிய காற்றில் வளர்கின்றன. ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் கூட்டத்தைக் கூட்டிப் போய் ஒவ்வொரு மரத்துக்கும் கதை சொல்கிறார்கள், அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. பிரேசிலிலிருந்து 1876ல் ஹென்றி விக்கம் கொண்டுவந்த 70,000 விதைகள் அங்கேதான் விதைக்கப்பட்டன, நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில நம் பேராக்கின் கோலாகங்சாருக்குப் போயின, அந்தக் கால மரம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. கண்ணாடிக்குள் வளர்க்கும் மரத்துக்கு அங்கே அத்தனை ஆள். வெட்டவெளியில் தானாக வெடித்து விதை கொட்டும் மரத்துக்கு இங்கே வேலியோரம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஏற்பாட்டுக்குழுவின் பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினார். தாள்கள் மேலிடத்திலிருந்து வந்தவை என்றார். மாற்ற முடியுமா என்றால், "கேட்டுப் பாக்குறேன் ஆன்ட்டி" என்றார். அவர் ஊரும் தோட்டம்தானாம், பாட்டி பால் வெட்டியவராம், ஆனால் உளியை அவர் பார்த்ததே இல்லை. அதைக் கேட்ட பிறகு அவரிடம் கோபப்பட எனக்கு வரவில்லை.

கருத்துப் படிவத்தில் மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சடித்த பருவங்களை விட்டுவிட்டு, பால்மர இலையை வைத்துத் தேய்த்து வரையச் சொல்லுங்கள். மூன்று இலை சேர்ந்த காம்பு, நரம்பு அவ்வளவு அழகாகப் பதியும். கொட்டையில் கோலம் போடச் சொல்லுங்கள், கொட்டையை வாயில் வைக்க வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் நஞ்சு உண்டு. அந்த அக்காவையும், அவரைப் போல ஊரில் இருக்கும் மற்றவர்களையும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். கடைசி வரியைக் கோடு போட்டு எழுதினேன்.

செப்டம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் காலை ஏழரைக்குள் பூங்காவின் பின்பக்கம் கூட்டிப் போங்கள். எட்டு மணிக்குமேல் போனால் கொட்டையெல்லாம் குப்பை மூட்டைக்குள் போயிருக்கும்.