வடலூர் தருமச்சாலைச் சாப்பாடு: ஒரு கல்யாணச் சமையல்காரன் பார்வையில்

யார் சமைத்ததைச் சாப்பிட்டாலும் முதலில் அடுப்பைப் பார்ப்பது என் தொழில் புத்தி. பசித்து வருகிறவர்களுக்கெல்லாம் காசில்லாமல் சோறு போடுகிற வடலூர் சத்திய தருமச்சாலையிலும் அதைத்தான் செய்தேன்.

21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். நாங்கள் கோட்டையடுப்பு என்று சொல்வோமே, அந்த வகை. 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிவைத்தது, இன்றுவரை அணையவிட்டதில்லை. ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி, விடியற்காலையில் கிளறி எழுப்புவது எந்தச் சமையல்காரனுக்கும் தெரிந்த வேலைதான். அதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆள் மாற்றி ஆள் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் வாயடைத்துப் போனேன். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்ததால் உண்டான இடம் இது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியபோது வள்ளலார் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பே மேட்டுக்குப்பத்தில் சித்தியாகிவிட்டார். அடுப்பு மட்டும் இருந்தது.

சரி, சாப்பாடு. சூடான சோறு, குழம்பு, ரசம். எல்லாம் சைவம். கல்யாண வீட்டு நெய் மணத்தை எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம், அது இந்த இடத்தின் வேலையும் இல்லை. சோறு பதமாக வெந்திருந்தது, உப்பு சரியாக இருந்தது, ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். பெரிய அண்டாவில் உப்பைச் சரியாகப் போடுகிறவன் நல்ல சமையல்காரன். அதற்கு மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது பந்தி நடக்கும் விதம். எந்த ஊர், என்ன சாதி, சாப்பிட்டு எத்தனை நாளாச்சு, ஒரு கேள்வி இல்லை. ஒரு ஊரில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போயிருந்தேன். புண்ணியம் தேடிப் பணம் போட்டவர், போட்டோக்காரர் வந்து சேரும்வரை பரிமாற விடவில்லை. வெயிலில் வரிசை நின்றது, என் சாம்பார் ஆறியது.

அன்னதானத்துக்குப் புண்ணியம் உண்டென்று எல்லாரும் சொல்வதுதான். வள்ளலார் ஒரு படி மேலே போகிறார். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்று அவர் எழுதிய நூலில், தீராத நோய்க்காரர்களும் பிள்ளையில்லாதவர்களும் பசித்தவருக்குச் சோறு போடுவதையே விரதமாக வைத்துக்கொள்ளட்டும், பலன் கிடைக்கும் என்கிறார். அப்படிப் பசியாற்றுகிறவர்களைக் கோடை வெயில்கூட வருத்தாதாம். (சித்திரை மாத முகூர்த்தத்தில் கோட்டையடுப்புப் பக்கம் நிற்கிற என்னைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். ஆனால் நான் கூலிக்குச் சமைக்கிறவன், அந்தக் கணக்கில் வரமாட்டேன்.) பலனைச் சொன்னவர் பசியையும் விடாமல் எழுதியிருக்கிறார்: கண் பஞ்சடைவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது என்று உறுப்பு உறுப்பாக. பசியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் போட்ட பந்தியில் விசாரணை எதற்கு?

இன்னொன்று கவனித்தேன். அதே வளாகத்தில், 1872-ல் தைப்பூசத்தன்று திறந்த சத்திய ஞான சபை இருக்கிறது. ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிற இடம். கொலை, புலை (இறைச்சி தின்பது) தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று அங்கே அறிவிப்பு உண்டு. நான் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆர்டர் எடுக்கிறவன். வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் தருமச்சாலையில் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஜோதிக்கு நிபந்தனை வைத்த மனிதர் சோற்றுக்கு வைக்கவில்லை. பசி தீர்ப்பதை மட்டும் யாருக்கும் மறுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இதை நேரில் பார்க்கவாவது ஒரு தடவை போகலாம்.

போகிறவர்களுக்கு: சென்னை–கும்பகோணம் பஸ்ஸில் நெய்வேலி தாண்டி இறங்கலாம். தைப்பூசத்தன்று ஊரே நிரம்பி வழியும். நிதானமாகச் சாப்பிட வேறு நாளில் போங்கள். வெறுங்கையோடு போனாலும் சாப்பாடு உண்டு. ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் அரிசி, பருப்பு, காய்கறி என்று மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். அரிசி வாங்கினால் மட்டும் கொஞ்சம் பழைய அரிசியாகப் பார்த்து வாங்குங்கள், புது அரிசி அண்டாவில் குழைந்துவிடும்.