ஜாங்கோ கிளாஸ் வியூ: பல வருடம் பழகிய பிறகு

புது ப்ராஜெக்ட் தொடங்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஜாங்கோவில் கிளாஸ் வியூவை இன்ஹெரிட் செய்து எழுதலாமா, இல்லை ஃபங்ஷனாக எழுதி டெக்கரேட்டர் போட்டுக்கொள்வது நல்லதா?" ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்; வியூ என்பது ஒரு பக்கத்தைக் கேட்டால் பதில் தரும் கோடு. இன்ஹெரிட் செய்வது என்றால் தயாராக இருக்கும் கிளாஸின் மேல் நம் கிளாஸைக் கட்டுவது; டெக்கரேட்டர் என்றால் ஃபங்ஷனைச் சுற்றிப் போடும் உறை. இரண்டிலும் பல வருடம் வேலை செய்திருக்கிறேன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பதிவுகளைப் பட்டியலிட்டுக் காட்டும் லிஸ்ட்வியூ அருமையானது. மாடலின் (தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் கிளாஸ்) பெயரையும் ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவுகள் என்பதையும் கொடுத்தால் போதும். பக்கம் பிரிப்பது, பக்கத்தின் வடிவம் இருக்கும் டெம்ப்ளேட்டைத் தேடுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். தரவைப் பார்க்கவும் திருத்தவும் ஜாங்கோவே தரும் அட்மின் பக்கம் அதைவிட மேல். மாடல்அட்மினை இன்ஹெரிட் செய்து நாலு விவரங்களை நிரப்பினால், ஆபீஸில் இருப்பவர்கள் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம்.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் லாகின் விஷயத்தில்தான். லாகின் செய்தவரை மட்டும் உள்ளே விடும் துணை கிளாஸ் ஒன்று 1.9 பதிப்பில் வந்தது; லாகின்ரிக்வயர்டுமிக்ஸின் என்ற அதை, இன்ஹெரிட் செய்யும் பெயர்களின் வரிசையில் லிஸ்ட்வியூவுக்கு இடப்பக்கம் எழுதினால் பக்கம் பூட்டியிருக்கும். வலப்பக்கம் எழுதினால் யாரும் உள்ளே வரலாம். எரர் வராது, எச்சரிக்கையும் வராது. பைத்தான் இடமிருந்து தேடும்போது லிஸ்ட்வியூ வழியாக வரும் டிஸ்பேட்ச்தான் (கோரிக்கையை முதலில் வாங்கும் மெத்தட்) முதலில் கிடைக்கிறது. அது சூப்பரை, அதாவது வரிசையில் அடுத்த கிளாஸை, கூப்பிடுவதில்லை, அதனால் மிக்ஸினின் சோதனை நடப்பதே இல்லை. இடக்கோடியில் வையுங்கள் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பக்கத்தின் பாதுகாப்பை இரண்டு பெயர்களின் வரிசையில் தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டெக்கரேட்டரோ ஃபங்ஷனைச் சுற்றி நிற்கிறது. அதைத் தாண்டாமல் உள்ளே போக வழியில்லை.

அடுத்தது பதிவை அழிக்கும் டெலீட்வியூ. 2021 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் அதன் உள்கட்டமைப்பை மாற்றினார்கள். யார் அழித்தார் என்று பதிவு செய்வது போன்ற வேலைகளை டெலீட் மெத்தடில் வைத்திருந்தால், ஃபார்மை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை வரும்போது அது ஓடாது; ஃபார்ம்_வேலிட் மெத்தடுக்கு மாற்ற வேண்டும். எச்சரிக்கை கொடுத்தார்கள்தான். ஆனால் நாம் ஒரு வரிகூட மாற்றாமலே நம் கோடு நின்றுபோவது, மேலே இருக்கும் கிளாஸை நம்பி எழுதியதன் விலை. கிரியேட்வியூவுக்கு மேலே 9 கிளாஸ்கள் இருக்கின்றன. எது எப்போது எதைக் கூப்பிடும் என்று யார் மனப்பாடம் செய்வது?

மதிப்புகளை மட்டும் நிரப்பும் இடத்தில் இன்ஹெரிட்டன்ஸ் சுகம். நடுவில் நம் வேலையைச் செருகப் போனால்தான் வம்பு. 2024 ஆகஸ்டில் வந்த 5.1 பதிப்பில் லாகினுக்கு மிடில்வேரே (எல்லாக் கோரிக்கையும் வியூவுக்கு முன் கடக்கும் அடுக்கு) கொடுத்துவிட்டார்கள்: தளம் முழுக்கப் பூட்டு, திறக்க வேண்டிய வியூவுக்கு மட்டும் விலக்கு. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: அட்மினைத் தவிர வேறெங்கும் இன்ஹெரிட்டன்ஸ் வேண்டாம், லிஸ்ட்வியூகூட வேண்டாம். பக்கம் பிரிக்க பேஜினேட்டரை நேராகக் கூப்பிடுங்கள். லிஸ்ட்வியூவும் உள்ளே அதைத்தான் கூப்பிடுகிறது.